கால் அங்குலம் குறைந்த ஹாலிபட்

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முழங்காலும் பூனையும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை கர்ட்டும் ஃப்ரெஸ்னோ வெயிலைச் சமாளித்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நம் ஒப்பந்தத்தை நான் மறக்கவில்லை. "ரெண்டு வருஷமா அந்தக் கடல்பாலத்துல நின்னு காத்து வாங்குறீங்க. செப்டம்பர் முடியறதுக்குள்ள சட்டப்படி அளவுள்ள ஒரே ஒரு ஹாலிபட் மீன் பிடிங்க, அங்கேயே இருந்துக்கலாம். இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்" என்றாய். நானும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன். நேற்று செப்டம்பர் முப்பது.

காலையிலேயே பொடிமீன் நாலு பிடித்து வாளியில் உயிரோடு போட்டுவைத்தேன், செத்த இரையை அந்தச் சப்பை மீன் மகாராணி ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். முதலாவதன் மூக்கில் கொக்கியைக் கோத்து இறக்கும்போதே ஒரு கூழைக்கடாப் பறவை கவ்விக்கொண்டு போனது. இரண்டாவது, பக்கத்தில் தூண்டில் போடும் ரிட்டயர்டு நர்ஸ் எஸ்த்ரெல்லாவின் நூலோடு சிக்கி, பிரிக்க முக்கால் மணி நேரம் ஆகி, அவள் என் முன்னோர்கள் வரை விசாரித்துவிட்டாள். மூன்றாவதற்கு ஈயக்குண்டை நூலில் தாராளமாக ஓடும்படி விட்டு, மூக்கில் ஒரு கொக்கி, வாலோரம் ஒரு முக்கொக்கி என்று கட்டினேன். ஹாலிபட் முதலில் வாலைத்தான் கடித்துப் பார்க்கும், குண்டின் கனம் தெரிந்தால் துப்பிவிடும். தூர வீசாமல் தூணோரம் மணலில் மெல்ல இழுத்துக்கொண்டே நடந்தேன். நூல் கனத்தது. தூண்டிலை உயர்த்தப் போனேன்.

"இழுத்துடாதீங்க அண்ணே. நல்லா விழுங்கட்டும், இருபது வரைக்கும் எண்ணுங்க" என்றாள் எஸ்த்ரெல்லா.

பதினாலுக்குப் பிறகு என்ன வரும் என்பது மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அதுவே நல்லதாகப் போயிற்று. அவள் கயிற்றுவலையை இறக்கித் தூக்கினாள். ஹாலிபட்!

சட்டப்படி மீன் குறைந்தது இருபத்திரண்டு அங்குலம் இருக்க வேண்டும். உன் அம்மாவின் தையல் டேப்பைத்தான் தூண்டில் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் அளந்து அவள் தபாலில் வரவழைத்த சட்டையெல்லாம் என் கழுத்தை நெரித்ததும், நான் பருத்துவிட்டேன் என்று எனக்குத் தரும் ஆப்பிள் பை பலகாரத்தை அரைத்துண்டாக்கியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அளந்தால் இருபத்தொன்றே முக்கால். "கால் அங்குலம்தானே, வாலைக் கொஞ்சம் நீவி விடுங்கண்ணே" என்றாள் எஸ்த்ரெல்லா. உன் அம்மாவின் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, லோர்னா. திரும்பக் கடலில் விட்டுவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நான் மீனுக்காக அங்கே போகவில்லை. உன் அம்மா போன பிறகு வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பாலத்தில் தினம் நாலு பேராவது "என்ன வெண்டல், இன்னிக்கும் வெறுங்கையா?" என்று கேட்கிறார்கள்.

போகட்டும், சொன்ன சொல் சொன்னதுதான். சனிக்கிழமை மாப்பிள்ளையை வண்டியோடு அனுப்பு. பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

அன்புள்ள அப்பா,
வெண்டல் ஹாகன்

பி.கு.: பெட்டி கட்டும்போது என் பழைய இரும்பு அளவுகோல் கிடைத்தது. சும்மா பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேப்பின் இருபத்திரண்டு, இரும்பில் இருபத்துமூன்று. துணி டேப் வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டுபோயிருக்கிறது. ஆக, நான் விட்டது இருபத்திரண்டைத் தாண்டிய, சட்டப்படியான மீன், எஸ்த்ரெல்லா சாட்சி. மாப்பிள்ளை வண்டி எடுக்க வேண்டாம். இன்னொன்று, அந்த டேப்பால் சட்டைதான் சின்னதாக வந்திருக்கிறது, நான் ஒருநாளும் பருக்கவே இல்லை. இதை உன் அம்மாவிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் இருக்கிறது. நீ வரும்போது ஆப்பிள் பை கொண்டு வா. முழுசாக.