நாற்றுக்குப் புளித்தண்ணீர் ஊற்றியது நான்தான்

சுபன்புரி, வயல் வீடு

மதிப்பிற்குரிய பேராசிரியர் விருள் ஆச்சான் அவர்களுக்கு,

தங்கள் மாணவி பிம்லாடாவின் தாய்மாமன் தோங்சுக் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் ஆய்வுக்கூடமும் நலமாக இருக்க வேண்டும். இங்கே பிம் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எந்தக் களைக்கொல்லியும் நெல்நாற்றின் இலையில் இவ்வளவு உப்பையும் சர்க்கரையையும் ஏற்றாது, எண்களெல்லாம் கற்பனை, ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றீர்களாம். ஐயா, எண்கள் சத்தியம். குற்றவாளி நான்.

என் வயலில்தான் பாத்தி கட்டினாள். சிவப்புக் கொடி நட்ட பாத்திக்குக் களைக்கொல்லி, வெள்ளைக் கொடி நட்டதற்கு வெறும் தண்ணீர். நாற்றுக்கு இரண்டே இலை. மருந்தடித்த அன்று, "மாமா, இதுங்க நாலு நாள்ல வெளுக்கும். பயப்படாதீங்க. விஷத்தை அதுங்களே செரிச்சுக்கும், அதைத்தான் அளக்கப்போறேன். நீங்க கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்தா போதும்" என்றாள். எப்படி ஐயா சும்மா இருப்பது? பயிர் சூல்கொண்டால் நெல்லம்மா மே போசோப்புக்கு மசக்கை என்று புளிப்புப் பழமும் சீப்பும் பவுடரும் கொண்டுபோய் வைக்கிற ஊர் இது. மசக்கைக்கே அவ்வளவு என்றால் விஷம் குடித்த குழந்தைக்கு? அன்று மாலையே புளியும் உப்பும் பனைவெல்லமும் கரைத்துச் சிவப்புப் பாத்தியில் ஒரு குடம் ஊற்றினேன். மூன்றாம் நாள் வெளுத்தது. வைத்தியம் போதவில்லை என்று இரண்டு குடமாக்கினேன். இன்னும் வெளுத்தது, நான்கு குடம். பிம் தினமும் வந்து இலையைக் கத்தரித்துக்கொண்டு, "புத்தகத்துல போட்டபடியே வெளுக்குது மாமா!" என்று குதித்தாள். களை மட்டும் ஒன்றுகூடச் சாகவில்லை. எட்டாம் நாள் வீட்டில் புளி தீர்ந்து, என் மனைவி சமோன் குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பத்தாம் நாள் நாற்று பச்சென்று எழுந்து நின்றது. எல்லாம் என் வைத்தியம் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஆகவே பாதி களைக்கொல்லி செய்தது, பாதி புளி செய்தது. படித்த தாங்களே பிரித்துக்கொண்டு, என் புத்திகெட்ட வேலைக்காகப் பிள்ளையின் பட்டத்தை நிறுத்தாமல் காப்பாற்ற வேண்டும். நெல்லம்மா தங்கள் வீட்டுப் பானையை என்றும் நிறைத்து வைக்கட்டும்.

தாழ்மையுடன்,
தோங்சுக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சமோன் வந்து நின்றாள். "ஏங்க, கோவிச்சுக்காதீங்க. பச்சப்புள்ளைங்க மேல விஷம் அடிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்க மனசு கேக்கல. பிம் மருந்தைக் கலந்து வச்சிட்டுத் தலைக்குத் துணி கட்டப் போனாள்ல, அப்பவே அதைக் கொட்டிட்டு வெறும் தண்ணியை ரொப்பி வச்சிட்டேன்" என்கிறாள். ஆகையால் ஐயா, எண்களில் கை வைக்கவே வேண்டாம். ஆய்வேட்டின் தலைப்பில் ‘களைக்கொல்லி’ என்று இருக்கும் இடத்தில் மட்டும் ‘மாமன்’ என்று திருத்திக்கொள்ளவும்.