பொக்குக் காயும் மீட்டுத்தா செயலியும்

அரசு அலுவலகத்தில் நாற்காலி காணாமல் போனால் அதற்கு விதி இருக்கிறது. கோப்பு காணாமல் போனால் விதியும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. ஆனால் அதிகாரியின் கண்ணெதிரே ஒரு வாட்ஸ்அப் செய்தி காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று போடிநாயக்கனூர் மலைச்சாலை வாகன அனுமதி ஒருங்கிணைப்புப் பிரிவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே அப்படி ஒன்று காணாமல் போய்விட்டது.

பிரிவு அதிகாரி பிரேம்சிங் தம் போனில் அலுவலகக் குழுவைத் திறந்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி கிடந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கிற இடத்தில் 'அலுவலகம்' என்று இருந்தது. அதாவது, எல்லாருக்கும் பொதுவாக மேசைமேல் கிடக்கிற அலுவலகப் போனிலிருந்து யாரோ அனுப்பி அழித்திருக்கிறார்கள். அந்தப் போன் அரசாங்க நெட்டில் ஓடுவது. சொந்தக் காசைப் போட்டு நெட் எதற்கு என்று, பால் வாங்கச் சொல்வது முதல் மச்சினனுக்குப் பெண் பார்ப்பது வரை அத்தனை பேரும் அதிலேதான் அனுப்புவார்கள். அனுப்பிய கையோடு அழித்தும் விடுவார்கள். அந்தப் பிரிவில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

இதை அழித்தது யார் என்று உதவியாளர் கிருபாராணிக்கு மட்டும் தெரியும். அழித்தவளே அவள்தானே! புருசன் கிங்ஸ்லிக்கு அனுப்ப வேண்டியதை அவசரத்தில் குழுவில் போட்டுவிட்டாள். போட்டது இதுதான்: "ஏங்க, இந்த மாசமும் அதிகாரிக்குப் பொக்குக் காயே கட்டிவிடுங்க. எசென்ஸ் ரெண்டு சொட்டு கூட விடுங்க. மனுசன் மோந்து பாத்தே மயங்குறாரு." போட்ட மறுநொடிதான் கவனித்தாள். அழித்துவிட்டுக் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

இந்தப் பொக்குக் காய் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிரிவில் லஞ்சம் கிடையாது, ஏலக்காய் உண்டு. ஏலக்காய்க் கடைக்காரன் பெண்டாட்டி அங்கே வேலைக்கு வந்தால் மாதம் ஒரு பொட்டலம் அதிகாரி மேசைக்கு வரும். அதை யாரும் கேட்பதும் இல்லை, கொடுக்காமல் விடுவதும் இல்லை. கிங்ஸ்லி முதல் மாதம் பச்சைப் பசேலென்று பெரிய காயாகத்தான் கொடுத்தான். அப்புறம் மனசு கேட்கவில்லை. சல்லடையில் கழிகிற, உள்ளே பேருக்குக்கூட ஏலரிசி இல்லாத வெறுந்தோலான பொக்குக் காயில் பலகாரக் கடை எசென்ஸைத் தெளித்துக் கட்டினான். பிரேம்சிங் அதை மோந்துவிட்டு, போன மாதத்துக் காயைவிட இது உசத்தி என்றார்.

குட்டு உடைந்தால் மலை உச்சிச் சோதனைச் சாவடிக்குத் தூக்கியடிப்பார்கள். அங்கே பஸ்சு போகாது. விடிய ஜீப்பில் ஏறினால் இருட்டித்தான் இறங்க முடியும். ஆறாவது படிக்கிற மகளை யார் பார்ப்பது? நினைத்தாலே கிருபாராணிக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது.

பிரேம்சிங் எல்லாரையும் கூட்டி வைத்து நிதானமாக விளக்கினார். "அழிச்சிருக்காங்கன்னா அதுல விசயம் இருக்கு. விசயம் இருக்குன்னா அது என்னயப் பத்தித்தான் இருக்கும்." இதில் ஓட்டை எதுவும் யாருக்கும் தெரியவில்லை. உடனே 'நீக்கப்பட்ட செய்தி மீட்புக் குழு' என்று ஒன்று அமைக்கப்பட்டது. போனைக் கையாளத் தெரிந்தவர் என்ற தகுதியின் அடிப்படையில் அதன் தலைவராகக் கிருபாராணி ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டாள். கைகூடத் தட்டினார்கள்.

வழி சொன்னது எழுத்தர் தங்கபாண்டியன். அழிந்த செய்திகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டும் 'மீட்டுத்தா' என்ற செயலியை அவர் விளம்பரத்தில் பார்த்திருக்கிறார். அலுவலகப் போனில் அதை ஏற்றினார்கள். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, பேசுவதைக் கேட்கலாமா, எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்று அது வரிசையாக அனுமதி கேட்டது. ஒரு ஜீப்பு குரங்கணி தாண்டி ஏறுவதற்கு மூன்று மாதம் அலையவிட்டு அனுமதி கொடுக்கிற பிரேம்சிங், இதற்கு அத்தனை அனுமதியையும் ஒரே மூச்சில் கொடுத்தார். அரசாங்கத்துக்கு மறைக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டார்.

ஒரு வட்டம் சுற்றியது. 'மகிழ்ச்சி! நீக்கப்பட்ட 23 செய்திகளைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று வந்தது. கீழே வரிகள் பனி மூடின கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரிந்தன. படிக்க வேண்டுமானால் கட்டணம் கட்ட வேண்டுமாம். அப்படி ஒரு செலவுக்கு அரசுக் கணக்கில் இனமே இல்லை என்பதால், கண்டுபிடித்ததே இப்போதைக்குப் போதும் என்று பிரேம்சிங் முடிவெடுத்தார்.

கிருபாராணிக்கு ஒரு சந்தேகம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கிங்ஸ்லி அன்றைக்குத்தான் வாங்கியிருந்த புதுப் போனில் அதே செயலியை ஏற்றிப் பார்த்தாள். இன்னும் ஒருத்தருக்கும் ஒரு வணக்கம்கூடப் போகாத போன் அது. அதிலும் 23 செய்திகளைக் கண்டுபிடித்துவிட்டது! இது சுத்தப் பித்தலாட்டம் என்று தெரிந்ததும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அதிகாரியிடம் சொல்லிவிடச் சொன்னான் கிங்ஸ்லி. சும்மா இருங்க, இது பொய்யின்னு சொன்னா நெசமான ஆளத் தேடிக் கொண்டாருவாரு என்று அவனை அடக்கிவிட்டாள்.

ஆனால் செயலி வேலை செய்துவிட்டது. இருபத்து மூன்றும் அகப்பட்டுவிட்டது, ஒவ்வொன்றாக வெளியில் வரும் என்று பிரேம்சிங் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பிரிவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. முதலில் டிரைவர் விஜயபாண்டி அவர் அறைக்குள் போய், மலைக்கு லோடு சோதிக்கப் போனதாகச் சொன்ன நாளெல்லாம் குரங்கணி ஆத்தோரம் ஜீப்பில் படுத்துத் தூங்கியதை ஒப்புக்கொண்டான். பின்னாலேயே தங்கபாண்டியன் போய், அய்யாவுக்குக் கொடுத்த காப்பித்தூளில் முக்கால்வாசி வறுத்த புளியங்கொட்டை என்று காலில் விழுந்தார். இன்னொரு உதவியாளர் பாண்டீஸ்வரி, அய்யா தலைமுடிச் சாயத்தைப் பற்றி நாத்தனாருக்கு எழுதினதைச் சொல்லி அழுதாள். கேட்காததையெல்லாம் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டியது.

இதில் பிரேம்சிங்குக்குச் செயலிமேல் மதிப்பு கூடிவிட்டது. "நாப்பது இருக்கு, அது இருபத்து மூணுதான் சொல்லியிருக்கு. கூட்டிச் சொல்லாத செயலிய்யா இது. தாராளமா நம்பலாம்."

ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் கிருபாராணி. ஆக, அந்தப் பிரிவின் ஒரே நேர்மையாளர் அவள்தான் என்று நிரூபணமானது. பிரேம்சிங் அவளை உட்காரச் சொல்லி, மேலதிகாரி மறுநாள் ஆய்வுக்கு வருவதாகவும், மாதாமாதம் அவள் கொடுத்த காயெல்லாம் தாம் அவருக்குத்தான் அனுப்பி வந்ததாகவும், இந்த முறை அவள் கையாலேயே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்தப் பாவி மனுசன் இப்படி நம்புகிறாரே என்று கிருபாராணிக்குக் குத்தியது. வீட்டுக்கு வந்து, உள்ளதிலேயே முதல் தரமாகக் கட்டச் சொன்னாள். கிங்ஸ்லி ஒவ்வொரு காயாகப் பொறுக்கிக் கட்டினான்.

மேலதிகாரி வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு காயை உடைத்து மோந்தார். முகம் கோணிவிட்டது.

"என்னய்யா இது? மாசாமாசம் வருமே, பிரிச்சா தெருவே மணக்குமே, அந்தக் காய் எங்க? இந்தப் போலிய யாரு கொண்டாந்தது?"

கொண்டுவந்தவளை மலை உச்சிச் சோதனைச் சாவடிக்கு மாற்ற வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, உத்தரவு பின்னால் வரும் என்று வண்டியேறிவிட்டார். கிருபாராணி பொய்க்காகப் பயந்த பயமெல்லாம் போய், மெய்க்காக மாட்டிக்கொண்டாள். பிரேம்சிங் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, மாசாமாசம் மணந்துச்சே, அது பொக்கு. எசென்ஸ் தெளிச்சது. அதுவும் நாந்தான் குடுத்தேன். இதுதான் நெசக் காய்."

பிரேம்சிங் கோபப்படவில்லை. யோசித்தார். பழைய காயும் இவள் கொடுத்ததுதான் என்று காட்டிவிட்டால், இனிமேல் அந்த வாசத்துக் காயையே கொடுத்துவிடுவாள் என்று மேலதிகாரியைச் சமாதானம் செய்யலாம். அதாவது குற்றம் நிரூபணமானால் அவள் தப்பிக்கலாம், ஆகாவிட்டால் தண்டனை.

"வாய்ச்சொல்லு செல்லாதும்மா. பொக்கு குடுத்தேன்னு எழுத்துல எதுவும் இருக்கா?"

இருந்தது. அதைத்தான் அவள் அழித்திருந்தாள்.

மீட்டுத்தாவின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒருவேளை இந்த அலுவலகப் போனில் மட்டும் நிஜமாக இருந்தால்? மகள் முகம் கண்ணில் வந்தது. எல்லாரும் சுற்றி நிற்க, சொந்தக் காசில் கட்டணம் கட்டிவிட்டாள். வட்டம் சுற்றியது. 'வாழ்த்துகள்! 23 செய்திகளும் முழுமையாக மீட்கப்பட்டன' என்று வந்து, பனி விலகியது.

'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று முதல் வரி வந்தது. இரண்டாவதும் அதுவேதான். கடைசி வரைக்கும் அதுவேதான்.

பிரேம்சிங் மட்டும் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றார்.

அப்போது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மணி அடித்தது. மேலதிகாரி ஏதோ அனுப்பியிருக்கிறார். மாற்றல் உத்தரவா, மன்னித்துவிட்டாரா? திறப்பதற்குள் அதுவும் போய்விட்டது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. என்ன அனுப்பினீர்கள் என்று மேலதிகாரியிடம் கேட்கிற தைரியம் அங்கே யாருக்கு இருக்கிறது?

விஜயபாண்டி மெல்லத் தன் போனை எடுத்தான். தங்கபாண்டியன் எடுத்தார். பாண்டீஸ்வரி எடுத்தாள். பிரேம்சிங் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார். எல்லாருக்கும் முன்னால் தன் சொந்தப் போனில் மீட்டுத்தாவை ஏற்றி, அத்தனை அனுமதியையும் கொடுத்து முடித்திருந்தவள் கிருபாராணிதான். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 23 என்று வந்ததும் அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் தெம்பாக இருந்தது.