வீட்டுக்குச் செவுள் இல்லை, அத்தான்

டோர்ட்மண்ட்,
15.10.2006

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய இராயப்பு அத்தான் அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையாலும் அந்தோனியாரின் காவலாலும் நானும் றீற்றாவும் பிள்ளைகளும் இங்கே சுகம். ரொறன்ரோவில் உங்களுடைய முழங்கால் நோவும், உங்கள் மேல் அக்காவுக்கு இருக்கும் கோபமும் இதற்குள் குறைந்திருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயத்தை ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். தொலைபேசி என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன், தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச உங்களுக்கு வழியில்லை.

நிற்க. எங்கள் வீட்டுக்காரன் தன் மகனைக் குடிவைக்கப் போவதாகச் சொல்லி, ஒக்டோபர் முடிவுக்குள் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொன்னது உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் அந்த மூன்றாம் மாடியில் இருந்தோம். றீற்றா மீன் பொரித்த ஒவ்வொரு நாளும் கீழ்வீட்டு மனுசி எங்கள் தபால்பெட்டியில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் போடுவாள். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறோம். "இனி வாடகை வீடு வேண்டாம். நான் மீன் பொரிச்சா ஒருத்தரும் கடிதம் போடாத வீடாப் பாருங்கோ" என்று றீற்றா சொல்லிவிட்டாள். வங்கியில் கேட்டோம். ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ஓய்ரோ, அதாவது யூரோ வரை, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்றார்கள்.

அப்படித் தேடும்போது அகப்பட்டதுதான் ஹெர் கொவால்ஸ்கி என்ற கிழவரின் வீடு. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, படியேற ஏலாமல் ஓர் அறை வீட்டுக்குப் போகிறார். வரிசை வீடுகளில் கடைசி வீடு. கெல்லர் என்று இங்கே சொல்லும் நிலவறைக்கு றீற்றா இறங்கிப் போனாள். தண்ணீர்க் குழாய், ஜன்னல், தண்ணீர் வடிய வழி எல்லாம் இருந்தன. மீன் பொரிக்கவென்றே கட்டிய இடம்! ஆனால் அந்த இடத்தில் கொவால்ஸ்கி பித்தளைக் குழாயோடு ஒரு பெரிய பியர் பார் கட்டி வைத்திருந்தார். அதையும் பாராமல் "இதுதான் என்ர வீடு" என்று றீற்றா என் காதில் சொன்னாள். விலையைக் கேட்டேன். ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் என்றார். அதே வரிசையில் நாலாவது வீடு, அதே அளவு, வசந்த காலத்தில் ஒரு இலட்சத்து ஐம்பத்தைந்துக்குப் போயிருக்கிறது. அதைச் சொன்னேன். "அது அவையின்ர வீடு" என்றார் கொவால்ஸ்கி.

அன்றைக்குத்தான் அத்தான், நான் உங்களுக்கு ஃபோன் எடுத்த பிழையைச் செய்தேன்.

நீங்கள் சொன்னதை ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதுகிறேன். "டேய் மரியரட்ணம், வீடெண்டா என்ன, மீனெண்டா என்ன. பாஷையூர்ச் சந்தையில நான் எப்பிடி வாங்கிறனான் எண்டு கண்டனிதானே? ஆசையைக் காட்டாதை. செவுளைத் தூக்கிப் பார். நேற்றையான் மீன் எண்டு சொல்லு. விலை இறங்காட்டி எழும்பி நட. பத்தடி போகேக்கை அவன் கூப்பிடுவான். றீற்றாவை மட்டும் கதைக்க விடாதை." பாஷையூரில் உங்களைக் கண்டதும் மீன்காரர் கூடையை மூடியதை நானே பார்த்தவன். அதனால் நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை போய்ச் செவுளைத் தூக்கினேன். குளியலறைச் சுவர் ஓடு, ரைல்ஸ், வெடித்திருக்கிறது என்றேன். கொவால்ஸ்கி முகம் கறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியையும் பென்சிலையும் எடுத்து எழுதிக்கொண்டு, "நன்றி, நான் இதைக் கவனிக்கேல்லை" என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. படிக்கட்டு கிரீச்சிடுகிறது, கூரைத் தண்ணீர் வடியும் பீலி சரிந்திருக்கிறது, வாசல் கேற் துருப்பிடித்திருக்கிறது என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். மனுசன் உடைந்துவிட்டான், இன்னும் இரண்டு குறை சொன்னால் வீட்டைச் சும்மா தந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்துப் போனால் குளியலறையில் புது ரைல்ஸ், படிக்கட்டில் சத்தமில்லை, பீலி நேராக நிற்கிறது, கேற் பச்சை நிறத்தில் மினுங்குகிறது. விலை இரண்டு இலட்சத்து ஆறாயிரம்! ரசீதுகளையும் காட்டினார். "நீங்கள் கேட்ட எல்லாத்தையும் செய்துபோட்டன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து படியேறும்போது றீற்றா, "இன்னும் ஒரு குறை சொன்னீங்கள் எண்டா எங்களுக்கு அந்தக் கேற்றை வாங்கவும் காசு காணாது" என்றாள்.

சரி, எழும்பி நடப்போம் என்று அடுத்த முறை போனேன். "இந்த விலைக்கு ஏலாது, நாங்கள் போறம்" என்று எழும்பினேன். கொவால்ஸ்கியும் எழும்பிக் கை தந்தார். மெதுவாக நடந்தேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். மற்றச் சப்பாத்துக்குக் கயிறு இல்லை, அதையும் கட்டினேன். கேற்றைத் திறந்தேன், புது எண்ணெய் விட்டபடியால் அதுவும் சத்தமில்லாமல் திறந்து தொலைத்தது. பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ட்ராம் தரிப்பிடத்தில் நின்று இரண்டு ட்ராமை வேண்டுமென்றே விட்டோம். மூன்றாவது வரும் நேரம் பார்த்தால், கொவால்ஸ்கி நொண்டி நொண்டி, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார்! அத்தான், உங்களை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பார், கூப்பிடுறான் பார்" என்று றீற்றாவின் கையைப் பிடித்தேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்த கொவால்ஸ்கி, நான் மறந்து விட்டுவந்த குடையைத் தந்துவிட்டு, நல்ல பயணம் என்று சொல்லித் திரும்பிப் போனார்.

பழைய வீட்டைவிட்டு எழும்ப ஐந்து கிழமைதான் இருந்தது. றீற்றா, "இனி நான் கதைக்கிறன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். அவள் வயோதிபர் இல்லத்துக் குசினியில் பன்னிரண்டு வருஷமாகச் சமைக்கிறவள். இந்த ஊர்க் கிழவர்களை எனக்கும் உங்களுக்கும் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போய் இருந்து, கோப்பியைக் குடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஹெர் கொவால்ஸ்கி, இந்த விலை எப்பிடி வந்தது?"

இவ்வளவு நாளும் ஒருவரும் அதைக் கேட்கவில்லையாம். மனுசனின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் தடித்த நீலக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வீடு வாங்கிய காசு, அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷமாக அந்த வீட்டுக்குச் செய்த ஒவ்வொரு வேலையின் ரசீது, எல்லாம் ஓய்ரோவுக்கு மாற்றிக் கூட்டப்பட்டிருந்தன. அவர் ஏமாற்றவில்லை அத்தான், கூட்டித்தான் இருந்தார்! பியர் பார், நீராவிக் குளியல் அறை, தோட்டத்துக் கொட்டில், குசினி அலுமாரிகள், தொப்பி போட்ட குள்ளப் பொம்மைகள் பன்னிரண்டு, ஒன்றும் விடுபடவில்லை.

றீற்றா கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "எங்களுக்கு பார் வேண்டாம். கழியுங்கோ" என்றாள். கொவால்ஸ்கி யோசித்துவிட்டு, "கழிக்கலாம், நான் கழற்றிக் கொண்டுபோறன்" என்று அழிறப்பரை எடுத்தார். கொட்டில் போனது. நீராவி போனது. அலுமாரிகள் போயின. பொம்மைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழித்தார், ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. என்னுடைய ரைல்ஸுக்கு வந்தபோது, "அது ஒட்டியாச்சு, கழற்ற ஏலாது" என்றார். அந்த ரைல்ஸ்தான் அத்தான், உங்கள் யோசனைக்கு நான் கட்டிய விலை. கடைசியில் ஒரு இலட்சத்து அறுபத்தோராயிரத்தில் வந்து நின்றது. கழிக்க இனி ஒன்றும் இல்லை.

"இதுக்கு மேல எங்களிட்ட இல்லை. ஆனா இந்த வீடு எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு" என்று றீற்றா சொல்லிவிட்டாள். ஆசையைக் காட்டிவிட்டாள்! மேசைக்குக் கீழே அவளுடைய காலை ஓங்கி மிதித்தேன்.

"அது என்ர கால்" என்றார் கொவால்ஸ்கி.

பிறகு குனிந்து காலைத் தடவினார். "முப்பது பேர் வந்து பாத்திட்டினம். பிடிச்சிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். ஜன்னலால் பார்த்து, தோட்டத்து அப்பிள் மரத்தை ஆயிரம் ஓய்ரோவுக்குக் கழித்தார். "ஆனா மரம் நிக்கும், வெட்ட மாட்டன்" என்றார்.

போன வியாழக்கிழமை, வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தாரிஸிடம் போய் ஒப்பம் வைத்தோம். அவர் உறுதிப் பத்திரம் முழுவதையும் ஒரு மணித்தியாலம் சத்தமாக வாசித்தார், குள்ளப் பொம்மைகளின் பட்டியல் உட்பட. றீற்றா சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள். எனக்கு அழுகை வந்தது, தடிமனால் மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே அத்தான், மீன் விஷயத்தில் உங்கள் சொல்லை என்றைக்கும் தட்டமாட்டேன். வீடு விஷயத்தில் இனி எனக்கு ஒரு யோசனையும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை கொவால்ஸ்கி தன் சாமான்களைக் கழற்றிக்கொண்டு போகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருடையதென்று ஒரு ஆணியும் இருக்காது.

மாதாவின் கரம் உங்கள் குடும்பத்தின் மேல் எப்போதும் இருக்கட்டும். அக்காவுக்கு எங்கள் அன்பையும், உங்கள் முழங்காலுக்கு எங்கள் செபத்தையும் தெரிவித்துக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சொல்லுக் கேட்டுக் கெட்டும் உங்களை மறவாத மைத்துனன்,
அ. மரியரட்ணம்

பி.கு. (5.11.2006): வீடு மாறிய அமளியில் கடிதம் ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. இன்றைக்குத்தான் அகப்பட்டது. கொவால்ஸ்கியின் பார் அவருடைய புது வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. வாகனக்காரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் கேற்றடியில் இறக்கிவிட்டான். மழைக்குள், பன்னிரண்டு பொம்மைகளுக்கு நடுவில் மனுசன் நின்ற நிலையைப் பார்த்து, "உள்ளுக்குக் கொண்டு வாங்கோ" என்று றீற்றா சொல்லிவிட்டாள். எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டன, ஒரு சதமும் கூடவில்லை. றீற்றா அடுப்பை பாருக்குப் பின்னால் வைத்து மீன் பொரிக்கிறாள். அவர் சனிக்கிழமைகளில் முன்னால் இருந்து வால்துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நான் இதை அந்த பார் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு விஷயம். நேற்று அவர் அந்தச் சின்னக் கொப்பியோடு வந்தார். புல் வெட்டவில்லை, ஜன்னல் துடைக்கவில்லை, கூரையில் ஒரு ஓடு விலகியிருக்கிறது என்று ஒவ்வொரு குறையாகச் சொன்னார். எழும்பி, மெதுவாகக் கேற் வரைக்கும் நடந்தார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். திரும்பிப் பார்த்தார். அத்தான், மனுசன் வீட்டைத் திரும்ப வாங்கப் பார்க்கிறார் போல இருக்கிறது. என்ன விலை சொல்ல? கடிதம் கிடைத்தவுடன் ஃபோன் எடுங்கோ.