குத்தூசி பாயின் வயிற்றுக்குள் ஒரு கேமரா

ஏற்காட்டு மலையில் குத்தூசி பாயிடம் குத்து வாங்காமல் தப்பிய மூட்டை ஒன்றுகூடக் கிடையாது. குத்தூசி என்பது நுனி கூராக, உள்ளே குழாய் போல இருக்கும் இரும்பு. மூட்டையைப் பிரிக்காமலே செருகி இழுத்தால் மிளகோ காப்பிக்கொட்டையோ கொஞ்சம் கைக்கு வந்துவிடும். பாய் மேலே குத்துவார், நடுவில் குத்துவார், அடியிலும் குத்துவார். தலைச்சோலைக் கிராமத்திலிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்கள் அவர் கடை வாசலில் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள்.

பழக்கம் கடையோடு நிற்கவில்லை. புதுத் தலையணை வாங்கினாலும் குத்திப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் பிரியாணி அண்டாவின் அடிவரைக்கும் கரண்டியை விட்டுத் துழாவினார். சமையல்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட, மாப்பிள்ளையே மாலையோடு ஓடிப்போய் அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்தார்.

அப்படிப்பட்டவருக்கு ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்தது, நிற்கவே இல்லை. ரத்தமும் போனது. வெட்கப்பட்டு மறைத்தார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் கண்ணுகளா, உடனே வீட்டில் சொல்லிவிடுங்கள். சட்டை தோளில் நிற்காமல் நழுவிய பிறகுதான் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெருங்குடலின் உள்பக்கம் சிவந்து புண்ணாகியிருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று அதற்குப் பெயர். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. நம் உடம்பைக் காக்கிற காவல்காரனே ஆள் தெரியாமல் நம்மைப் போட்டு அடிக்கிற மாதிரி என்று டாக்டரம்மா சொன்னாராம்.

மாத்திரையில் பாய் தேறினார். தேறியதும் மாத்திரையை நிறுத்தியே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். உள்ளே கேமராவை விட்டுப் பார்த்து, துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் குறைப்பதைப் பற்றியே பேச முடியும், அவசரப்பட்டால் மறுபடி ரத்தம் போகும் என்றார் டாக்டரம்மா. எனக்குத்தான் நல்லா இருக்குதே என்று பாய் அசையவில்லை. பக்கத்துக் கடைக்காரன் நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் மனைவி ஜமீலா அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, மேல பார்க்க நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் மூட்டைய கொண்டாந்தா, குத்தாம எடுத்துக்குவீங்களா?"

பாய் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்னிக்குப் போவணும்?" என்றார்.

கேமரா போக வேண்டுமென்றால் குடல் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பேதி மருந்து உண்டு. சேலம் வந்து சேர்ந்த பிறகு குடியுங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பாய் வியாபாரி அல்லவா? பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் வீணாகக் கூடாது என்று ஏற்காட்டிலேயே குடித்துவிட்டு ஏறினார். துணைக்கு நான்.

நம் மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் நல்ல வயிற்றையே கலக்கும். முதல் வளைவில் பாய் சிரித்தார். அடுத்ததில் என் கையைப் பிடித்தார். அதற்கடுத்ததில் பஸ் நின்றது. பாய் தண்ணீர் பாட்டிலோடு புதருக்குள் ஓட, அங்கிருந்த குரங்குகள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தன. மறுபடி ஏறினார், மறுபடி நின்றது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய ஒருவர் முனகினார். பீன்ஸ் கூடையோடு வந்த கரடியூர் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்து, "உங்களுக்கு வந்தாத் தெரியும். சும்மா உக்காருங்க" என்றார். அதற்குமேல் முனகல் இல்லை.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாய், அடுத்த வளைவு தாங்குவீங்களா?" என்றார்.

"என்னைய நம்பாதீங்க. நிறுத்திருங்க."

அடிவாரம் வருவதற்குள் பஸ்ஸில் இருந்த எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். கோர்ட்டுக்காரர்தான் கடைசி பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி வேண்டாம் என்றாராம் பாய். சரக்குக்குச் சொந்தக்காரன் தூங்கக் கூடாது என்று வாதம். கேமரா திரையில் குடல் ரோஜா நிறத்தில் பளபளவென்று ஓடியது. பார்வைக்குப் புண் எதுவும் இல்லை. டாக்டரம்மா, "நல்லா ஆறியிருக்குது பாய்" என்றார்.

"அது மேலாக்கப் பார்த்ததுங்க. நடுவுல எடுங்க, அடியிலயும் எடுங்க."

"அப்படித்தான் எடுக்கப்போறேன். நீங்க ஆடாம படுங்க."

சில நாள் கழித்து முடிவு வந்தது. கண்ணுக்கு ஆறியிருந்த குடலில், அடியில் எடுத்த துணுக்கில் மட்டும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொஞ்சம் அழற்சி இன்னும் மிச்சம் இருந்தது. மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

அழுவார் என்று நினைத்து அவர் வீட்டுக்கு ஓடினேன். பாய் தெருவையே கூட்டிவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நொம்ப சூட்சுமமா ஒளிஞ்சிருந்துச்சு தம்பி. கேமரா கண்ணுக்கே தெரியலீங்க. புடிச்சிட்டோம்ல." மாத்திரை தொடரும் என்ற சேதிக்கு இப்படிப் பூரித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

ஜமீலா அக்கா எதுவும் கேட்காமல் மாத்திரையை நீட்டினார். பாய் முகத்தைச் சுளிக்காமல் வாங்கி விழுங்கினார். அதன்பிறகுதான் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இப்போதும் காலையில் அவர் கடை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காப்பி தொண்டையில் இறங்கும்.