நானே செய்த பேட்டரியும் உன் அக்காவின் கைப்பையும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மானத்துக்குத்தான் கொஞ்சம் அடி, அதுவும் ஆறி வருகிறது. அங்கே நீயும் பிள்ளைகளும் இருமல், முதுகுவலி எதுவும் அண்டாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே "சரி அத்தான், அப்புறம்" என்று ஓடிவிடுவாய். கடிதத்தில் ஓட முடியாது.

விமானச் சரக்குப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நீ. கிளம்பும் முன் எனக்கு மூன்று புத்தி சொன்னாய். பேட்டரியைப் பெரிய பெட்டியில் போடாதீங்க, கையோடு வைத்துக்கொள்ளுங்க. முனைகளில் டேப் ஒட்டுங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. முதல் இரண்டையும் அட்சரம் பிசகாமல் செய்தேன். ரேடியோ செட், ஹெட்ஃபோன், ஆன்டெனாக் கம்பி, பேட்டரி எல்லாம் கைப்பையில்தான். பேட்டரி முனைகளில் ஒன்றுக்கு நாலு சுற்று டேப். எனக்கும் அவசரம் இருந்தது. எங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வானலையில் கூடிப் பேசும் கூட்டத்தை நான் பதினோரு வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. இந்தத் தடவை கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டர், "உங்க மக வீட்டுலேருந்து அஞ்சு வாட்டுல பேசினா உங்க பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காது" என்று அத்தனை பேர் காதுபடச் சொல்லிவிட்டார். கேட்கும் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தபின் மனுஷன் சும்மா விமானம் ஏற முடியுமா?

சோதனை வரிசையில் உன் அக்காவின் பைதான் முதலில் போனது. அங்கிருந்த பெண் அதிகாரி உள்ளே எதையோ காட்டிக் கேட்டாள். உன் அக்கா "பேட்டரி" என்றாள். அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். ஃபோனுக்கு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நானும் கண்டுகொள்ளவில்லை. அடுத்து என் பை. உள்ளே போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி உள்ளே போனது. எனக்குப் பின்னால் நின்றவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"இது யாரோட பை?"

"என்னோடதும்மா."

"இது என்ன?"

"ரேடியோ."

"பாட்டு கேக்கிறதா?"

"பேசுறது."

"யாரோட பேசுவீங்க?"

"யாரு கிடைக்கிறாங்களோ அவங்களோட."

அவள் முகம் கொஞ்சம் மாறியது. நான் ரேடியோ லைசென்ஸை நீட்டினேன். வாங்கிப் படித்தாள், தலையாட்டினாள். அதோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் பேட்டரியைக் கையில் எடுத்தாள். பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் நாலு செல்லை வரிசையாக அடுக்கி, பற்றவைத்து, மூடியில் பேனாவால் கணக்கெல்லாம் எழுதி, கீழே என் பெயரும் போட்டு வைத்திருந்தேன். "இது?" என்றாள்.

"பேட்டரிம்மா. நானே செஞ்சது."

எங்கள் ரேடியோக்காரர்கள் நடுவில் ஒருவன் "நானே செய்தது" என்று சொன்னால் மற்றவர்கள் அரை நிமிஷம் பேச்சே இல்லாமல் மரியாதை காட்டுவார்கள். இங்கேயும் பேச்சு நின்றது. பைகள் நகரும் பெல்ட்டும் நின்றது. இந்த அம்மாவுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது என்று எண்ணி, கூடவே கொண்டுவந்த வரைபடத்தையும் விரித்துக் காட்டினேன். ஒரு டப்பா, அதிலிருந்து ரெண்டு கம்பி, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கையால் வரைந்தது. மூன்று பிரதி வைத்திருந்தேன், ஆளுக்கொன்று கொடுக்கலாமே என்று. அவள் ஒன்றுகூட வாங்காமல் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். உன் அக்கா நாலடி தள்ளிப்போய், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்பை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் யாரோ, அவள் யாரோ.

மேலதிகாரி வந்து ஆன்டெனாவை எடுத்தார். இருபது மீட்டர் கம்பி, சிக்காமல் இருக்க ஒரு பலகையில் சுற்றியிருந்தேன். அதைப் பார்த்ததும் உன் அக்கா ஒரே எட்டில் வந்துவிட்டாள்.

"இது என் காய் நறுக்குற பலகை. மூணு மாசமா வீடு பூராத் தேடறேன்."

"நீங்க இவரோட வந்தவங்களாம்மா?"

"வேற வழி?" என்றாள். பிறகு அவள் பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பன்னெண்டு புள்ளி எட்டு வோல்ட், ஆறு ஆம்பியர் மணி. பெருக்கினா எழுபத்தாறு புள்ளி எட்டு வாட் மணி. விமானத்துல விடுற நூறுக்குக் கீழதான் சார் இருக்கு. முனையில டேப் ஒட்டியிருக்கு. அதுல எந்தத் தப்பும் இல்ல. இவர் வாய்தான் கொஞ்சம் நீளம், அதுக்கு டேப் ஒட்ட முடியல."

மேலதிகாரி சிரித்துவிட்டார். எனக்கோ மயக்கம் வராத குறை. நான் வோல்ட் என்று வாயெடுத்தாலே அடுப்படிக்குப் போகிறவள், இத்தனையும் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. "தயாரிச்ச கம்பெனி பேரோ, அச்சடிச்ச விவரமோ இல்லாம விட முடியாது ஐயா. ரேடியோவைக் கொண்டு போங்க, இதை மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார். தண்ணீர் பாட்டிலும் கத்தரிக்கோலும் கிடந்த தட்டில் என் பேட்டரியையும் வைத்தேன். ரெண்டு மாச உழைப்பு. விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை.

இங்கே வந்து மாப்பிள்ளையின் கார் பேட்டரியைக் கழற்றலாமா என்று நயமாகக் கேட்டுப் பார்த்தேன். மகள் சாவியை எடுத்து ஒளித்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் கம்பியைக் கட்டிவிட்டு, கட்டி என்ன பிரயோஜனம் என்று உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா வந்து மடியில் ஒன்றைப் போட்டாள். புத்தம் புது பேட்டரி. கடைச் சரக்கு, கம்பெனிப் பெயர், வாட் கணக்கு எல்லாம் பளிச்சென்று அச்சடித்தது. "தம்பி வாங்கிக் குடுத்தான். நீங்க எப்படியும் வாயைக் குடுத்து மாட்டிப்பீங்கன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். அடப்பாவிகளா, அக்காவும் தம்பியும் சேர்ந்து என் கண் முன்னாலேயே நடத்திய நாடகமா அது?

ஞாயிறு ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். முதலில் வெறும் இரைச்சல். இரண்டாம் தடவையும் இரைச்சல். மூன்றாம் தடவை பல் டாக்டர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது: "கேக்குது, கேக்குதுய்யா, நல்லாவே கேக்குது." எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். சந்தோஷத்தில் பால்கனியில் காயப்போட்டிருந்த மகளின் சேலையில் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு முழுக்க யோசித்தேன். இத்தனை வருஷமாக உன் அக்காவை என்ன பாடு படுத்தியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவளோடு நிம்மதியாக உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேனா? ஆகவே ரேடியோவுக்கு முழுக்குப் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஊர் திரும்பியதும் செட்டைப் பல் டாக்டரிடமே கொடுத்துவிடுவேன். இனி என் ஞாயிறெல்லாம் உன் அக்காவுக்குத்தான். இது உறுதி.

உன் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும், உனக்கு என்னைப் போல் அத்தான் கிடைத்ததற்கான பொறுமையும் குறைவில்லாமல் அமையட்டும். எங்கள் ரேடியோ வழக்கப்படி எழுபத்து மூன்று, அதாவது அன்பான வாழ்த்துகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மேலே உள்ள முடிவு ரத்து. கடிதத்தை ஒட்டும் முன் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ரேடியோவை விடுங்கன்னு நான் கேட்டேனா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ஞாயிறு நான் பேசியதை அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாளாம், அவளும் லைசென்ஸ் பரீட்சை எழுதப் போகிறாளாம். எங்கள் வீட்டுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது, அலமாரி மேல் இருக்கும் என் பரீட்சைப் புத்தகத்தை உடனே அனுப்பிவை. ஒரே ஒரு விண்ணப்பம்: அந்தப் பரீட்சையில் நான் மூன்றாம் தடவைதான் தேறினேன் என்பது அவளுக்குத் தெரியாது. நீயும் மூச்சு விடாதே.

(வேறு கையெழுத்தில்) தம்பி, இவர் ரெண்டு தடவை கோட்டை விட்ட கடுதாசி ரெண்டையும் தபால்காரர்கிட்ட வாங்கினதே நான்தான்டா. படிச்சுட்டு ஒட்டி வெச்சேன். நான் முதல் தடவையே தேறிட்டா இவர் மனசு ஒடிஞ்சு போயிடுமேன்னுதான் இப்ப யோசனையா இருக்கு. நீ புத்தகத்தை அனுப்பு.