ஆரோக்கியமேரி அக்காவின் கூடை

ஒரு தவறும் செய்யாத பெண்ணைக் குற்றவாளி என்று நான் பத்திரிகையில் எழுதினேன். படத்தோடு எழுதினேன். எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் ஆற்றையும் கால்வாய்களையும் சுத்தம் செய்யும் வேலை மும்முரமாக நடந்தது. தமிழ் நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்த நான், சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்கான மூன்று மாதப் பயிற்சி ஃபெல்லோஷிப்பில் ஐரோப்பா போய்த் திரும்பியிருந்தேன். போகும்போது விபத்து, விளையாட்டு, விலைவாசி என்று எதையும் எழுதுகிற ஆள். திரும்பும்போது பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில்தான் என்ற நினைப்பு. (கையில் புது நீள லென்ஸ், கழுத்தில் சிராங்கூன் சாலை வெயிலிலும் கழற்றாத மஃப்ளர்.) மாசு பற்றிய செய்திக்கு ஒரு மனித முகம் வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மனிதரோடு பேசவும் வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு நான் லென்ஸ் வாங்கப் போயிருந்தேன் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தில் நின்றபோது எனக்கு முகம் கிடைத்தது. பூக்கடை வைத்திருந்த ஆரோக்கியமேரி அக்கா கரையில் குனிந்து, வாடிய மாலைகள் நிறைந்த கூடையைத் தண்ணீருக்கு மேல் சாய்த்துப் பிடித்திருந்தார். ஞாயிறு இதழில் படம் வந்தது. தலைப்பு: ‘கால்வாய்க்கு மாலை சூட்டும் வியாபாரி’. அதை நினைத்து நினைத்து நானே மகிழ்ந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஒரு கையில், கடை உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு வந்த கடிதம். மறு கையில் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

“நீங்கதான் எழுதினீங்களா, தம்பி?”

“பொது நலனுக்காக எழுதினேன்.”

“நான் போடல லா, அள்ளுறேன். சாமிக்கு வச்ச பூவைக் குப்பையில போட மனசு வராம உங்க ஆளுங்க தண்ணியில விடுறாங்க. இன்ஸ்பெக்டர் வந்தா பூக்கடைக்காரங்களைத்தான் பிடிக்கிறாரு. அதான் வாராவாரம் கயித்துல கூடையை இறக்கி அள்ளுறேன். தண்ணி வடியட்டும்னு சாய்ச்சேன், அப்ப படம் புடிச்சுட்டீங்க.”

“ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்டேன். (ஆமாம், கேட்டேன்.)

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். “இது இன்னைக்குக் காலையில அள்ளினது. எழுத்து யாருதுன்னு பாருங்க.”

உள்ளே வாடிய மல்லிகை. சுற்றியிருந்தது அச்சுத் திருத்தத் தாள். அவரைப் பற்றிய அதே கட்டுரை. ஓரத்தில் சிவப்பு மையில் என் திருத்தங்கள், கீழே என் கையெழுத்து.

வேண்டாத தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். வெள்ளிதோறும் என் மனைவி பழைய பூக்களை அதில் பொட்டலம் கட்டித் தருவாள். வேலைக்குப் போகிற வழியில் பாலத்திலிருந்து போட்டுவிடுவேன். ஐரோப்பா போவதற்கு முன்பும் போட்டேன், வந்த பிறகும் போட்டேன். சாமி பூ மாசு ஆகும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து மேசை நண்பர் எட்டிப் பார்த்து, “பிழையே இல்லாம திருத்தியிருக்கீங்க சார்” என்றார்.

“நாலு வரி மறுப்பு போதும்யா, நீ பூ போட்டதையெல்லாம் எதுக்கு எழுதறே?” என்றார் ஆசிரியர். கெஞ்சி, அதே பக்கத்தில் அதே அளவில் எல்லாவற்றையும் எழுதினேன். பொட்டலத்தோடு உரிம அலுவலகத்துக்கும் அக்காவுடன் போனேன். உரிமம் தப்பியது. அதிகாரி என் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

ஆனால் முதல் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டாவது கட்டுரையைப் படிக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் சிலர் திரும்பவே இல்லை. அக்கா தன் கடையைக் கிளமெண்டி வட்டாரத்துக்கு மாற்றும்வரை வெள்ளிதோறும் அவருடன் கூடைக் கயிறு இழுத்தேன். முதல் மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், “இழுக்கத் தெரியுது தம்பி, கேக்கத்தான் தெரியல” என்றார். மன்னித்துவிட்டாரா என்று கேட்க அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பின் யாரைப் பற்றியும் அவரிடமே கேட்காமல் நான் எழுதியதில்லை. எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினால், இன்றைக்கும் என் மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்வாள்: “நல்லாத்தான் இருக்கு. இந்தத் தாள்ல பூ கட்டினா தாங்குமா?”