தேன்பெட்டிக்குப் பொட்டு வைத்தேன்

பொட்டல் காட்டை எலுமிச்சைத் தோட்டமாக்கியவன் நான். கிணறு வெட்டியது நான், வேலி போட்டது நான், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டதும் நானே. என் கல்யாணத்தை மட்டும் நான் முடிக்கவில்லை. அதை முடித்து வைத்தவை தேனீக்கள்.

வெள்ளைக்காரன் காலம் அது. மார்த்தாண்டம் பக்கமிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து தேனீ வளர்த்தவர் ஞானமுத்து. குடியிருந்த வீட்டில் முற்றம்கூட இல்லாததால், ராஜபாளையத்தில் எலுமிச்சை பூக்கும் என் தோட்டத்தில் ஒரு பெட்டி வைக்க இடம் கேட்டார். கொடுத்தேன்.

"பெட்டியத் தட்டாதீரும். வாசலுக்கு நேரே நிக்காதீரும்" என்றார்.

"சிறுத்தை வந்து போற தோட்டம்வே இது. ஈக்கா பயப்படுவேன்?" (வந்தது காட்டுப்பூனை. அது கிடக்கட்டும்.)

அவரிடம் தேன் வாங்கும் கடைக்காரர் ஒருவருக்குக் கல்யாண வயதில் மகள் இருந்தாள். ஞானமுத்து என்னைப் பற்றி எடுத்துச் சொல்ல, விஜயதசமியன்று தோட்டம் பார்க்க வருவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு சங்கடம்வே" என்றார் ஞானமுத்து. "சவடால் பேசுறவனுக்கு எம்மவளத் தர மாட்டேங்காரு. அவிய வந்துட்டுப் போற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரும்."

"நானா சவடால்? என்னை மாதிரி அடக்கமானவன் இந்த ஜில்லாவுலயே கிடையாது!"

முந்தின நாள் ஆயுத பூஜை. தண்ணீர் இறைக்கும் கமலை, மண்வெட்டி, மாட்டுவண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஊருக்கே விருந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போடலாமா? பெட்டிக்கும் வைத்தேன். பொழுது சாய்ந்து ஈக்கள் அடைந்துவிட்டன. பெட்டியின் முன்பக்கம் சின்னதாக ஒரு வாசல். பொட்டுக்குத் தோதான இடம். நான் எதிலும் கஞ்சத்தனம் பார்க்கிறவன் இல்லை. கை நிறையச் சந்தனத்தை அள்ளி அப்பினேன். விடிவதற்குள் அது காய்ந்து சுவராகிவிட்டது.

மறுநாள் ஞானமுத்துவோடு கடைக்காரர் வந்தார். வாயை மூடிக்கொண்டு கிணற்றைக் காட்டினேன். மூடிக்கொண்டே மரங்களைக் காட்டினேன். கடைசியில் அவர் பெட்டி முன்னால் நின்றார்.

"ஒரு ஈயக்கூடக் காணுமே தம்பி. வெறும் பெட்டியா?"

அம்புட்டுதான்.

"வெறும் பெட்டியா! எஞ்சத்தம் கேட்டா வரிசையில வந்து நிக்கும், பாருங்க!" என்று இரண்டு தட்டுத் தட்டி, அரிவாள் நுனியால் சந்தனத்தைப் பெயர்த்தேன்.

"ஏசுவே! வாசல எவன்வே அடைச்சான்?" என்று பின்னாலிருந்து ஞானமுத்து கத்தினார்.

வந்தன. வரிசையில் அல்ல.

கடைக்காரர் துண்டைப் போட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் பாய்ந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆனால் அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். முதல் கொட்டு மேலுதட்டில். அடுத்தது கீழுதட்டில்.

ஞானமுத்து தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போட்டு ஈக்களை அடக்கியபோது, என் வாய் இருந்த இடத்தில் இரண்டு கத்தரிக்காய் இருந்தன.

கடைக்காரர் வெளியே வந்து என்னை உட்கார வைத்தார். "இம்புட்டு மரமும் நீங்க வச்சதா தம்பி?"

"ம்."

"கிணறும் நீங்களே வெட்டுனதா?"

"ம்."

உதடு மட்டும் ஒத்துழைத்திருந்தால் அந்தக் கிணற்றுக் கதைக்கே பொழுது போதாது.

"என்னைய உள்ள விட்டுட்டு வெளிய நின்னு கொட்டு வாங்குன பிள்ள" என்றார் கடைக்காரர், கண் கலங்க. "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. இவரையா சவடால்னு சொன்னாங்க?"

தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்தேன். "ம்" என்றுதான் வந்தது. ஞானமுத்து வானத்தைப் பார்த்தார். என் வீக்கம் வடிவதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டோம்.

கொட்டிய தேனீ பிழைக்காது என்று ஞானமுத்து பிற்பாடு சொன்னார். எனக்குக் குடும்பம் அமைய இரண்டு உயிர் போயிருக்கிறது. அந்த நன்றிக்குத்தான் இன்றைக்கும் ஆயுத பூஜையன்று பெட்டிக்கு முதல் பொட்டு. பின்பக்கமாக.

வீட்டுக்கு வந்தவர்களிடம் கிணறு வெட்டிய கதையை நான் ஆரம்பித்தால் போதும், அடுக்களையிலிருந்து என் மனைவி மகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"ஏட்டி, சந்தனத்தை எடுத்துட்டு வா. உங்கப்பாவுக்கு வாசல அடைக்கணும்!"